சொக்லட் மோல்ட் முடிஞ்சா என்னத்தப் போடுற?

வாவிக்கரை (மெல்பேர்ண்) | 03.02.2024

ஸ்டவுட் (கறுப்புப் பியர்) ஒண்டு போடக் கணக்குப் பாத்து வச்சிருக்கன். 23 லீட்டர். பேல் மோல்ட் (முளைகட்டிக் காய வச்ச வெளிர் பார்லி) 4.2 கிலோ, கிறிஸ்டல் (நிற அளவு 150 ஈ.பி.சி) 300 கிராம், சொக்லட் மோல்ட் 400 கிராம். கடையில சொக்லட் முடிஞ்சுதாம், எப்ப வருமெண்டும் தெரியா. பிளாக் மோல்ட், பிரவுன் மோல்ட், கரஃபா ஸ்பெஷல் 2 எல்லாம் கிடக்கு. கறுப்பு எல்லாம் கறுப்புத்தான், 400 கிராம் பிளாக்கப் போட்டா காணும் எண்டுறன் நான். மச்சான் ஏலாது எண்டுறான். இன்னொண்டு, இங்கத்த இலங்கைக் கடையில வாங்கின குரக்கன் ரெண்டு கிலோ சும்மா கிடக்கு. அத வறுத்துப் போட்டா என்ன?

தாச்சி (கல்லடி) | 03.02.2024

மச்சான் சொல்றதுதான் சரி. 400 கிராம் பிளாக் போட்டா சாம்பல் கரைச்ச தண்ணிதான் குடிப்பீங்க.

நிறம் வெறுங் கணக்கு. மோல்ட்ட கிராமையும் ஈ.பி.சி.யையும் பெருக்குங்க. சொக்லட் 900 எண்டு வச்சா 400 × 900 = 3,60,000. பிளாக் 1300 எண்டா அதே நிறத்துக்கு 277 கிராம் காணும். பை ஒவ்வொண்டிலயும் எண் மாறும். சொக்லட் 800–1100, பிளாக் 1200–1400, வறுத்த பார்லி 1000–1400, கரஃபா ஸ்பெஷல் 2 எண்டா 1100–1200, பிரவுன் 130 அளவில. பையில இருக்கிற எண்ண வச்சே பெருக்குங்க.

ருசி இந்தக் கணக்குக்குள்ள வராது. சொக்லட் மோல்ட்ல கொக்கோ மணம், கோப்பி மணம், கொஞ்சம் ரொட்டி மணம் எல்லாம் சேந்து வரும். அதுக்கு மேல சூடு ஏற ஏற அந்த மணங்கள் பறந்திரும், கடைசியில கருகலும் கயர்ப்பும்தான் மிச்சம். பிளாக் அந்தக் கடைசி ஆள். அதால நிறத்த ஒண்டுட்ட வாங்குங்க, வறுவல் ருசிய இன்னொண்டுட்ட வாங்குங்க, இனிப்பையும் தடிப்பையும் மூணாவதுட்ட. ஒரே சாமானால மூணையும் நிரப்பப் போனாத்தான் கெடும்.

உங்கட கடையில இருக்கிறத வச்சு:

பிளாக் 200 கிராம் (2,60,000), பிரவுன் 400 கிராம் (52,000). 150 கிறிஸ்டலுக்குப் பதிலா 300 ஈ.பி.சி கிறிஸ்டல் அதே 300 கிராம், அதால 45,000 கூடும். மொத்தம் 3,57,000. பிரவுன் 400 கிராம் சேருறதால பேல் மோல்ட்ட 3.9 கிலோவுக்குக் குறைங்க. பிரவுன்ல மாப்பொருளச் சீனியாக்கிற நொதியம் இல்ல, ஆனா 3.9 கிலோ பேல் மோல்ட் அதையும் சேத்து இழுக்கும்.

கரஃபாவால எண்டா 290 கிராமும் வறுத்த பார்லி 20 கிராமும். கரஃபா 1150, பார்லி 1250 எண்டு வச்சா 3,58,500 வரும். கரஃபா ஸ்பெஷல் உமி நீக்கி வறுத்தது, கருகல் குறைவு. தனியாப் போட்டா கறுப்பா இருக்கும், ஸ்டவுட் குடிக்கிற மாதிரி இருக்காது. அதுக்குத்தான் அந்த 20 கிராம்.

வாவிக்கரை | 03.02.2024

பிளாக் பையில ஈ.பி.சி இல்ல, லொவிபொண்ட் (இன்னொரு நிற அளவு) 500 எண்டுதான் கிடக்கு. ரெண்டால பெருக்கி 1000 எண்டு எடுத்தாச் சரிதானே?

பனிச்சையடி (டொரண்டோ) | 04.02.2024

இல்ல தம்பி. அந்த ரெண்டு (சரியா 1.97) பியர்ட நிறத்துக்கு, எஸ்.ஆர்.எம்ம (அமெரிக்க நிற அளவு) ஈ.பி.சி ஆக்க. மோல்ட் பையில இருக்கிற லொவிபொண்ட 2.65 ஆல பெருக்கி 1.2 கழிக்க வேணும். 500 எண்டா 1324 வரும். 1000 எண்டு எடுத்து அளந்தா 272 கிராம் போட வேண்டிய இடத்தில 360 போடுவீங்க. ஸ்டவுட் சாம்பலா வருது எண்டு புலம்புற ஆக்களில பாதிப்பேர் இந்த ரெண்டால பெருக்கின கூட்டம்தான்.

பேல் மாதிரி வெளிர் மோல்ட்டுக்கு ரெண்டால பெருக்கினாலும் பெரிசாக் கெடாது. கறுப்பிலதான் வித்தியாசம் தெரியும்.

தாச்சி | 04.02.2024

அதோட இதையும் சேத்துப் பிடிங்க: பியர்ட நிறம் மோல்ட்ட நிறைக்கு நேரா ஏறாது. பியர் நிறத்தக் கணிக்கிற மோரே சூத்திரத்தில அடுக்கு 0.6859. கறுப்பு மோல்ட்டப் பாதியாக்கினா நிறம் பாதியாகாது, 38 வீதம்தான் குறையும்.  அதால 3,60,000 எண்டது வேதம் இல்ல. 3,00,000 வந்தாலும் கிளாசில பெரிசா வித்தியாசம் தெரியா. சந்தேகம் வந்தா குறைச்சே போடுங்க. குறைஞ்சத கடைசியில கூட்டலாம், கூடினத எடுக்கேலாது.

பனிச்சையடி | 04.02.2024

கடைசியில கூட்டுற வழி: 100 கிராம் பிளாக்க உடைச்சு அரை லீட்டர் குளிர் தண்ணியில ஊறப்போட்டு பிரிஜ்ஜில ஒரு ராவு வைங்க. வடிச்சு, 10–15 நிமிசம் கொதிக்க வச்சு ஆறவிட்டு ஊத்துங்க. குளிரில ஊறினா நிறம் இறங்கும், கயர்ப்பு குறைவா இறங்கும். சாறும் குறைவாத்தான் வரும், அதால மேஷ்ல (மோல்ட்டச் சுடுதண்ணியில ஊறவச்ச கூழ்) போடுற நிறையப் போல ஒண்டரை மடங்கு வேணும். பிரிஜ்ஜுக்கு வெளிய வச்சிராதீங்க. தானியத்தில லக்டோ பற்றீரியா நிறைய. பெப்ரவரி வெயிலுக்கு விடியக்க புளிச்சிருக்கும்.

தாச்சி | 05.02.2024

தண்ணியப் பத்தி ஒண்டும் கதைக்கேல்ல. மெல்பேர்ண் குழாய்த் தண்ணி மென்மை. கறுப்பு மோல்ட் அமிலம். தனிய ஊறவச்சா பீ.எச் 4.5க்குக் கிட்ட இருக்கும், பேல் மோல்ட் 5.7. மென்மையான தண்ணியில பிளாக்கும் கிறிஸ்டலும் சேந்தா மேஷ் 5.2க்குக் கீழ இறங்கலாம். பியர் மெல்லிசா, கூரா, கொஞ்சம் புளிப்பா வரும். கன பேர் அதக் கருகல் எண்டு நினைச்சு மோல்ட்டில பழி போடுவாங்க.

ரெண்டு வழி. ஒண்டு, மேஷ் தண்ணிக்கு அப்பச்சோடா. 10 லீட்டருக்கு 1 கிராம் போட்டா பைகாபனேற் 73 மில்லிகிராம், சோடியம் 27 மில்லிகிராம் ஏறும், லீட்டருக்கு. 15 லீட்டர் மேஷ்ஷுக்கு 2 கிராமில தொடங்குங்க, அளந்து பாத்துக் கூட்டுங்க. ஆறின மேஷ்ல 5.4 வந்தா நல்லம்.

ரெண்டாவது, எனக்குப் பிடிச்சது: பேலையும் பிரவுனையும் மட்டும் மேஷ்ல போட்டு, கடைசிப் பத்துப் பதினஞ்சு நிமிசத்தில கறுப்ப மேல தூவிக் கிளறுறது. மாப்பொருள் சீனியாகிற வேலை அதுக்குள்ள முடிஞ்சிரும், பீ.எச் சரிஞ்சாலும் நட்டமில்ல. கயர்ப்பும் குறையும். கறுப்பு மோல்ட்டில சீனியாகப் பெரிசா ஒண்டும் மிச்சமில்ல, அது ஒரு மணித்தியாலம் மேஷ்ல கிடந்து என்ன செய்யப் போகுது?

கல்லடிக் கடற்கரைப் பக்கத்துக் கிணத்துத் தண்ணி எண்டா கதை வேற. உவர், காரம். அந்தத் தண்ணிக்கு கறுப்பு மோல்ட் தோதானது. டப்ளின் ஸ்டவுட்டுக்குப் பேர் போனதும் தண்ணியில பைகாபனேற் கூடினதாலதான் எண்டு சொல்லுவாங்க.

உமிச்சாக்கு (சம்மாந்துறை) | 05.02.2024

கல்லடிக் கிணத்துத் தண்ணியில ஸ்டவுட் போடுற ஐடியாவக் கலால்காரனுக்குக் கேக்காமக் கதைங்க.

தாச்சி | 05.02.2024

கதைக்கத்தான் செய்யிறம். இலங்கையில உரிமம் இல்லாமப் பியர் காய்ச்சினா 1912 கலால் கட்டளைச் சட்டம் நேரா வீட்ட வரும். காய்ச்சுறது மெல்பேர்ண், டொரண்டோ ஆக்கள். வறுக்கிறதுக்குச் சட்டம் இல்ல.

வாவிக்கரை | 06.02.2024

குரக்கனுக்கு ஒருத்தரும் மறுமொழி சொல்லேல்ல. கச்சான் வறுக்கிற மாதிரி மணல்ல போட்டு வறுக்கவா?

தாச்சி | 06.02.2024

மணல்ல போட்டா மணலோடதான் குடிக்க வேணும். கச்சான அரிதட்டில அரிச்செடுக்கலாம், பார்லியையும் அரிக்கலாம். குரக்கன் ஒண்டரை மில்லிமீற்றர், மணலும் அதே பருமன், எந்த அரிதட்டும் பிரிக்காது. பார்லிய மணல்ல வறுக்கிறதெண்டா கழுவின ஆத்து மணல். கடல் மணல்ல உப்பும் சிப்பித்தூளும் இருக்கு, சுண்ணாம்பு ஏறும்.

முதல்ல ஒண்டத் தீர்மானிங்க. முளைகட்டி வறுக்கிறதா, பச்சையா வறுக்கிறதா. முளைச்ச தானியத்தில சீனியும் அமினோ அமிலமும் இருக்கு, வறுக்கக்க ரெண்டும் சேந்துதான் உருண்டையான கொக்கோ ருசி வரும். முளைக்காதது உலர்ந்த கோப்பி ருசி, வறுத்த பார்லி மாதிரி. உங்களுக்கு வேண்டியது சொக்லட்டுக்குப் பதில், அதால முளைகட்டுங்க.

கழுவி, மிதக்கிறத எடுத்தெறிஞ்சு, 12 மணித்தியாலம் ஊறவிடுங்க. நடுவில ஒருக்காத் தண்ணி மாத்துங்க. வடிச்சு, ஈரச் சாக்கில பரப்பி மூடி, 30 பாகை செல்சியஸ் சூட்டில ரெண்டு நாள். ஆறு மணித்தியாலத்துக்கு ஒருக்காப் புரட்டுங்க. புரட்டாட்டி நடுவில சூடேறிப் பூஞ்சணம் பிடிக்கும். பூஞ்சண மணம் வந்தா முழுதையும் கொட்டுங்க, வறுத்தாச் சரிவரும் எண்டு நினைக்காதீங்க. பிறகு வெயில்ல கலகலக்கக் காயவிட்டு, கையால உரசி வேர உதிர்த்து, சுளகில புடைங்க. வேர் கருகினாக் கசக்கும்.

ஈரத்தோட வறுத்தா வேற சாமான் வரும், கிறிஸ்டல் மாதிரி. சொக்லட்டுக்கு நல்லாக் காஞ்சிருக்க வேணும்.

தாச்சி | 06.02.2024, பிந்தி

வறுவல். அவண் எண்டா தட்டில ஒரு சென்ரிமீற்றருக்கு மேல தடிப்பு வேணாம். 180 பாகையில 20 நிமிசம், பிறகு 220க்கு ஏத்தி, அஞ்சு நிமிசத்துக்கு ஒருக்காக் கிளறிப் பாருங்க. இரும்புத் தாச்சி எண்டா 250 கிராமுக்கு மேல போடாதீங்க, கை நிப்பாட்டாமக் கிண்டுங்க. யன்னல் எல்லாம் திறந்து வைங்க, புகை அலாரம் இருக்கிற வீடெண்டா முற்றத்தில வறுங்க.

குரக்கன்ட வெளித்தோல நம்பாதீங்க. அது பச்சையிலயே செம்மண் நிறம், அரைவாசி வறுபட்டதும் முழுதா வறுபட்டதும் வெளிய ஒரே மாதிரித் தெரியும். நாலஞ்சு மணிய எடுத்துக் கரண்டியால நசுக்கி வெள்ளைக் கடதாசியில தேய்ங்க. மாவு வெள்ளையா இருந்தா இன்னும் வேகேல்ல. சாயத்தண்ணி நிறம் எண்டா பிரவுன் மோல்ட்டுக்குப் பதில் ஆகும். கோப்பித்தூள் நிறம் வரக்க நிப்பாட்ட வேணும். தோல் மினுங்கத் தொடங்கி, தேய்ச்சா கரிக்கோடு விழுந்தா கரிதான், பியருக்கு ஆகாது.

இறக்கின பிறகும் உள்சூடு வேலை செய்யும். நீங்க நினைக்கிற நிறத்துக்கு ஒரு படி முந்தி இறக்கி, எவர்சில்வர் தட்டில மெல்லிசாப் பரப்பி, ஃபான் பிடிங்க. சுளகில கொட்டினா சுளகு பத்தும்.

அண்டைக்கே பாவிக்காதீங்க. கடதாசிப் பையில ரெண்டு கிழமை விட்டா மூக்கக் குத்துற மணம் போயிரும்.

அக்கரை (அக்கரைப்பற்று) | 07.02.2024

நான் பியர்ப் பக்கம் வாறதில்ல. ஆனா இந்த முளைகட்டி வறுத்த குரக்கனச் சும்மா கோப்பி மாதிரிக் குடிக்கலாம்போல இருக்கே. எந்த நிறத்தில நிப்பாட்டுற?

தாச்சி | 07.02.2024

சாயத்தண்ணி நிறத்துக்கும் கோப்பி நிறத்துக்கும் நடுவில நிப்பாட்டு மனே. கோப்பி நிறம் வரைக்கும் போனா குடிக்கக் கசப்பு. பரும்படியா அரைச்சு, ஒரு கப்புக்கு ரெண்டு தேக்கரண்டி, கேத்தல்ல அஞ்சு நிமிசம் கொதிக்க வச்சு வடி. கஃபீன் இல்ல, ராவைக்கும் குடிக்கலாம். பனங்கட்டி கடிச்சுக் குடிச்சா நல்லம். வறுக்காத முளைக்குரக்கன் மாவோட கலந்து கரைச்சு வைக்கிறதெண்டா அண்டைக்கே முடிச்சிரு, எங்கட வெக்கைக்கு அடுத்த நாள் தானாப் பொங்கும், பிறகு அது நீ வராத பக்கம் போயிரும்.

இறுங்குச் சோளத்தில இதச் செய்யிறதெண்டா கவனம். இறுங்கு முளையில சயனைட்டு வாற சாமான் இருக்கு. முளையையும் வேரையும் முழுசா உதிர்க்காமக் கரைச்சுக் குடிக்கக் கூடாது.

உமிச்சாக்கு | 08.02.2024

குரக்கனுக்கு உமி இல்ல. 300 கிராம் தூளாப் போட்டா மேஷ் அடைச்சு வடியாமக் கிடக்கும். நெல்லு உமி சேருங்க, மொத்தத் தானியத்தில 3–5 வீதம், உங்களுக்கு 200 கிராம் காணும். கழுவி, தண்ணி தெளிஞ்ச பிறகு, பத்து நிமிசம் கொதிக்க வச்சுப் போடுங்க, இல்லாட்டி வைக்கோல் மணம் இறங்கும்.

எந்த உமி எண்டதும் முக்கியம். பழைய ஹலர் மில்லில உமியும் தவிடும் ஒண்டாத்தான் வரும். தவிட்டில எண்ணெய் இருக்கு, கெதியாச் சிக்கெடுக்கும், மேஷ்ஷையும் அடைக்கும். ரப்பர் ரோலர் மில்லில உமி முழுசாத் தனிய வரும். அதுதான் சரி. அம்பாறைப் பக்கம் மலை மலையாக் குவிஞ்சு கிடந்து நெல்லு அவிக்கிற அடுப்புக்குப் போகுது. அங்க அதையே பையில போட்டு விக்கிறாங்க எண்டு கேள்விப்பட்டா எங்கட முதலாளி அழுவார்.

வாவிக்கரை | 09.02.2024

குரக்கன வறுத்தாலும் அதுட ஈ.பி.சி எத்தின எண்டு எப்பிடித் தெரியும்? எத்தின கிராம் போடுற?

பனிச்சையடி | 09.02.2024

ஈ.பி.சி தெரிஞ்ச கறுப்பு மோல்ட் ஒண்டு கையில இருந்தாக் காணும். பிளாக்க வச்சே பாருங்க. பிளாக் 5 கிராம், குரக்கன் 5 கிராம், ரெண்டையும் ஒரே மாதிரி அரைச்சு, 200 மில்லி சுடுதண்ணியில அரை மணித்தியாலம் வச்சு கோப்பி வடிதாளில வடிங்க. பிளாக் சாற 1 லீட்டராக்குங்க. ஒரே மாதிரி ரெண்டு கிளாஸ், பின்னால வெள்ளைக் கடதாசி. குரக்கன் சாறுக்கு கொஞ்சங் கொஞ்சமாத் தண்ணி கூட்டி, ரெண்டும் ஒரே நிறம் வரக்க நிப்பாட்டி அளவுங்க. மொத்தம் 480 மில்லி எண்டா 0.48 × 1300, 620 அளவில.

ஐதாக்கின சாறுக்கு நேர்விகிதம் சரிவரும். தடிச்ச சாற ஒப்பிடாதீங்க, கறுப்போட கறுப்ப வச்சுப் பாத்து என்ன தெரியும்?

தாச்சி | 09.02.2024

620 எண்டா 300 கிராம் குரக்கனுக்கு 1,86,000. மிச்சத்துக்கு பிளாக் 130 கிராம், 1,69,000. கூட்டினா 3,55,000. இதில பிரவுனும் வேணாம், கிறிஸ்டல் பழைய 150லயே இருக்கட்டும். முழுக்கக் குரக்கனாலயே நிரப்பினா 580 கிராம் போகும். அந்தளவுக்கு நான் போகமாட்டன், தோல்ல இருக்கிற தனின் கூடிக் கயர்க்கும்.

அரைக்கிறதில கவனம். மோல்ட் மில்லில 1.1 மில்லிமீற்றர் இடைவெளி வச்சா குரக்கன் பாதி முழுசா விழுந்திரும். மிக்சியில தட்டித் தட்டி ரெண்டு மூணு தரம் சுத்துங்க. முழுசாத் தூளாக்கிராதீங்க. ரவைப் பருமன் காணும்.

பனிச்சையடி | 10.02.2024

கோப்பித்தூளாலயும் நிரப்பலாம் எண்டு ஆராவது வருவீங்க, அதுக்கு முந்தி: ருசிக்குச் சரி, நிறத்துக்கு இல்ல. 23 லீட்டருக்கு 80 கிராம் பரும்படித் தூள், 700 மில்லி தண்ணி, பிரிஜ்ஜில 18 மணித்தியாலம், வடிச்சுப் போத்தல் அடைக்கக்க ஊத்துங்க. கொதிக்க வச்சா எண்ணெய் இறங்கி நுரை விழும். ஊர்க் கோப்பிப் பைக்கற்றப் பாத்து வாங்குங்க, சிலதில மல்லியும் சுக்கும் கலந்திருக்கும்.

உமிச்சாக்கு | 10.02.2024

மல்லி ஸ்டவுட். தடிமனுக்கு நல்லம்.

வாவிக்கரை | 10.02.2024

சீனியக் கருக்கி ஊத்தினா? பனங்கட்டி, கித்துள் பாணி?

தாச்சி | 10.02.2024

கருக்கின சீனி நிறத்துக்கு மட்டும். வறுவல் ருசி அதில இல்ல, கூடக் கருகினா கசப்பு. பனங்கட்டியும் பாணியும் நிறத்துக்கே காணாது, அதோட ஈஸ்ட் அநேகமா முழுதையும் தின்டிரும். மதுசாரம் ஏறும், பியர் மெலியும். தடிப்பு வேணுமெண்டு பாணி ஊத்துறது தலைகீழ் வேலை.

பழைய கதை ஒண்டு சொல்லுறன். லண்டன்காரன் போர்ட்டர முதல் முழுக்கப் பிரவுன் மோல்ட்டிலதான் காய்ச்சினான். பேல் மோல்ட்டில கூடுதலாச் சாறு வருது எண்டு கண்டு அதுக்கு மாறினதும் நிறம் போயிற்று, கருக்கின சீனிய ஊத்தினாங்க. 1816ல சட்டம் அதத் தடுத்தது. 1817ல டானியல் வீலர் உருளையில சுத்தி வறுக்கிற மெசினுக்குக் காப்புரிமை எடுத்தார். பிளாக் மோல்ட் வந்தது அப்பிடித்தான். முளைக்காத வறுத்த பார்லிக்கு அங்க 1880 வரைக்கும் அனுமதியில்ல. ஆக, பேல் மோல்ட்டும் கொஞ்சம் பிளாக்கும் எண்ட கூட்டே ஒரு பதில் சாமான்தான்.

வாவிக்கரை | 25.02.2024

பிளாக் 200, பிரவுன் 400 போட்டது வடிச்சாச்சு. கறுப்பக் கடைசிப் பதினஞ்சு நிமிசத்திலதான் தூவினன், சோடா போடேல்ல, பீ.எச் 5.4. வடிச்சதில எடுத்துக் குடிச்சுப் பாத்தா நாக்கில கொஞ்சம் காயுது. குரக்கன் வறுத்துப் பையில கிடக்கு, அடுத்ததுக்கு. இந்தக் காயுறது போகுமா?

பனிச்சையடி | 25.02.2024

காஸ் ஏறாத சூட்டுப் பியர்ல கறுப்பு எப்பவும் தூக்கலாத் தெரியும். போத்தல்ல மூணு நாலு கிழமை கிடக்கட்டும், வறுவல் அடங்கும். நாலு கிழமைக்குப் பிறகும் காய்ஞ்சா அடுத்ததில பிளாக்க 150 ஆக்கி, மிச்சத்தக் கரஃபாவால நிரப்புங்க.

தாச்சி | 26.02.2024

50 கிராம் பிளாக் எடுத்தா 65,000 குறையும், கரஃபா 57 கிராம் வேணும். மிச்ச பிளாக்க உடைக்காமக் காத்துப் புகாத போத்தல்ல வைங்க, ஒரு வருசம் நிக்கும். உடைச்சது ஒரு மாசத்துக்குள்ள பழசு மணக்கும்.